பச்சை மீனும் பழுப்பு மீனும்

ஏரியில் விரால் குஞ்சு பொரித்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரின் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு கூட்டம் கொப்பளித்துக்கொண்டே நகரும். அடியில் கருத்த பெரிய விரால் காவலுக்கு நிற்கும். உத்திரமேரூரில் வைரமேகத் தடாகத்தின் கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அந்தச் சிவப்புப் பொடிகளை வேறொரு மீன் என்று சொல்லாது. இன்றைக்குச் சிவப்பாக இருப்பது நாளைக்குக் கருக்கும் என்பதைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

அப்படிப் பார்க்க வாய்ப்பில்லாமல், குஞ்சை ஒருவரும் பெரிய மீனை இன்னொருவரும் வேறு வேறு ஊரில் பிடித்து, சாராயப் புட்டிகளில் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்திருப்பார்கள். கடலில் ஒரு மீன் குடும்பத்துக்கு உண்மையிலேயே இது நடந்தது. ஒரு முறை இரு முறை அல்ல, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப நடந்தது.

உத்திரமேரூரிலிருந்து நேர்கிழக்கே கோடு போட்டால் அது மாமல்லபுரத்தில் கடலைத் தொடும். இரண்டு ஊருக்கும் அட்சரேகை கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவே 50 கிலோமீட்டர்கூட இல்லை. இருந்தாலும் எங்கள் பக்கத்துச் சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வருவது சங்கராவும் வஞ்சிரமும் நெத்திலியும்தான். நான் சொல்ல வந்த மீன்கள் சந்தைக்கு அதிகம் வருவதில்லை. அவை பாறையைவிட்டு வெளியே போகாதவை. வலையில் கூட்டமாகச் சிக்காதவை. கடலடிப் பாறைத் திட்டை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். அந்தப் பார்களிலும், அலை உடைகிற கரைப்பாறை இடுக்குகளிலும், மண்டபம், இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்துப் பவளத் திட்டுகளிலும் இவை வாழ்கின்றன. ஆங்கிலத்தில் ராஸ் என்று பெயர். விலங்கியலில் லாப்ரிடே குடும்பம். உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட இனங்கள். விரல் நீளத்தில் நின்றுவிடுபவையும் உண்டு. 2 மீட்டருக்கு மேல் வளரும் நெப்போலியன் ராஸும் இந்தக் குடும்பம்தான்.

ஒரு ராஸை ராஸ் என்று கண்டுகொள்வது எளிது. அது நீந்துவதைப் பார்த்தாலே போதும். பெரும்பாலான மீன்கள் வாலை ஆட்டி முன்னேறும். ராஸ் வாலைச் சும்மா வைத்துக்கொண்டு, செவுளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பக்கத் துடுப்புகளை மேலும் கீழும் அடித்தபடி போகும். துரத்தினால்தான் வாலைப் பயன்படுத்தும். கையில் எடுத்துப் பார்த்தால் தடித்த உதடுகள் தெரியும். உதட்டை விலக்கினால் தனித்தனியான பற்கள், முன்பற்கள் கொஞ்சம் வெளியே துருத்தியபடி. நண்டையும் நத்தையையும் பாறையிலிருந்து கொத்திப் பிடுங்க அந்தப் பற்கள். பல ஊர்களில் வண்ணமான பார்மீன்களையெல்லாம் சேர்த்துக் கிளிமீன் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உண்மையான கிளிமீனுக்குப் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி அலகாகிவிட்டிருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எந்த ராஸ் என்ற கேள்வி வரும்போதுதான் சிக்கல். பிறைவால் ராஸை எடுத்துக்கொள்வோம். தலசோமா லூனாரே என்பது அறிவியல் பெயர்; 1758இல் இந்த இனத்தை முதலில் விவரித்தவர் லின்னேயஸ். வளர்ந்த மீன் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பச்சை உடம்பு, தலையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக வளைந்து நெளியும் பட்டைகள், வாலின் நடுவில் மஞ்சளாக ஒரு பிறை. இதே மீனின் குட்டியிடம் பிறை கிடையாது. அதற்குப் பதிலாக வாலடியில் ஒரு கரும்பொட்டு, முதுகுத் துடுப்பின் நடுவில் இன்னொரு பொட்டு. பெரிய ஆணோ நீலத்துக்குத் திரும்பிவிடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முன்பின் தெரியாதவர் மூன்று மீன் என்றுதான் சொல்வார். வண்ணப் படங்களோடு ஒப்பிட்டு ராஸைத் தேடுபவர்கள் பெரும்பாலும் தோற்பது இதனால்தான். படத்தில் இருப்பது அந்த மீனின் ஒரு வயது. கையில் இருப்பது இன்னொரு வயது.

இதில் நம் கரைக்கு ஒரு தனி இடம் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் சபையின் போதகராக 1771இல் வந்து இறங்கியவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1813இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தவர். சிப்பி, செடி, மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்தார். மீன்களை பெர்லினில் இருந்த மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக்குக்கு அனுப்பிவைத்தார். 400க்கும் மேற்பட்ட வண்ணப் படங்களோடு மீன்களைப் பற்றிப் பல தொகுதிகள் வெளியிட்டவர் பிளாக். அன்றைய உலகில் மீன் என்றால் கடைசி வார்த்தை அவருடையதுதான். நம் கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று 1793இல் பெயர் வைத்தார். தரங்கம்பாடிக்காரரின் உழைப்புக்கு அவர் செய்த மரியாதை அது.

பிளாக் 1799இல் இறந்துபோக, மிச்ச வேலையை ஷ்னைடர் என்ற அறிஞர் முடித்து 1801இல் நூலாக்கினார். அதில் தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒரு சிறிய ராஸும் இருந்தது. இன்று அதன் பெயர் ஹாலிகோரஸ் நைக்ரெசென்ஸ். ஒரு சாணுக்கும் குறைவான மீன். பச்சைக்கும் பழுப்புக்கும் இடையில் எந்த நிறத்திலும் வரும். கரையோரப் பாறைக் குட்டைகளிலேயே திரிவது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1839இல், பிரெஞ்சு வணிகர் துசுமியே இந்தியாவிலிருந்து கொண்டுபோன மீன்களைப் பார்த்த மீனியலாளர் வாலென்சியன், ஒரு ராஸுக்கு அவர் பெயரையே சூட்டினார். பின்னர் இரண்டும் ஒரே மீன் என்று தெரியவந்தது.

இத்தகைய வழக்கு எப்படித் தீர்க்கப்படுகிறது என்பது தெரிந்தால் அறிவியல் பெயர்களின் மேல் ஒரு மதிப்பே வந்துவிடும். நிலத்துக்குச் சண்டை வந்தால் என்ன செய்கிறோம்? இடையில் எத்தனை கிரயம் நடந்திருந்தாலும் தாய்ப்பத்திரத்தை எடுத்து வைத்து எல்லையைப் பார்க்கிறோம். மீனுக்கும் அதுதான். ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்த மீனைப் பார்த்து வைத்தார்களோ, அந்த மீனே அந்தப் பெயருக்குப் பத்திரம். வகைமாதிரி என்று அதைச் சொல்வார்கள். அது ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கும். பிளாக்கின் சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே மீனுடையவை என்று நிரூபணமானால் தேதியில் முந்திய பெயர் நிற்கும், பிந்தியது விழும். 1801க்கு முன்னால் 1839 நிற்க முடியாது.

ஆனால் இந்தப் பத்திரத்தில் ஒரு குறை உண்டு. சாராயத்தில் போட்ட மீனுக்கு நிறம் தங்காது. சில வாரங்களில் பச்சையும் நீலமும் போய் வெளிறிய பழுப்புதான் மிஞ்சும். ராஸ்களைப் பிரித்துக்காட்ட எல்லாரும் நம்புவது நிறத்தை. பத்திரத்தில் இல்லாததும் நிறம்தான். எனவே மீனியலாளர்கள் நிறத்தை விட்டுவிட்டு, சாராயத்தாலும் வயதாலும் மாறாதவை எவை என்று தேடினார்கள். எண்ணிக்கைகள் மாறுவதில்லை. மீனின் துடுப்பைத் தாங்கும் கம்பிகளில் முன்னே இருப்பவை கடினமானவை, குத்தும், அவை முட்கள். பின்னே இருப்பவை வளைபவை; மென்கதிர்கள். தலசோமா பேரினத்தில் முதுகுத் துடுப்புக்கு 8 முள், 13 மென்கதிர். ஹாலிகோரஸில் பெரும்பாலும் 9 முள், 11 மென்கதிர். குஞ்சு உருவாகும்போதே இந்த எண்ணிக்கை முடிவாகிவிடும். பிறகு மீன் எவ்வளவு வளர்ந்தாலும் கம்பி நீளுமே தவிர கூடாது.

அதைவிட அழகானது பக்கக்கோடு. செவுளின் மேல்நுனியிலிருந்து வால்வரை ஒரு புள்ளிக்கோடு ஓடுகிறதே, அது. தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு. கோட்டிலிருக்கும் ஒவ்வொரு செதிலிலும் ஒரு நுண்துளை உண்டு. கெண்டையில் இந்தக் கோடு சீராக ஓடும். இந்த ராஸ்களிலோ முதுகை ஒட்டியே போய், முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே திடீரென்று சரிந்து, மறுபடி நேராகி வாலுக்குப் போகும். ஒரு கை லென்ஸை வைத்துக்கொண்டு துளைச் செதில்களை ஒவ்வொன்றாக எண்ணினால் ஹாலிகோரஸில் வழக்கமாக 27 வரும். செதில் பெரிதாகும், எண்ணிக்கை ஏறாது. பிறகு வாய்க்கோடியைப் பார்க்க வேண்டும். மேல்தாடையின் கடைவாயில் ஒரு கோரைப்பல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஹாலிகோரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். தலசோமாவுக்கு அது கிடையாது. பச்சை, நீலம், பழுப்பு என்ற பேச்சே எடுக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நிறம் எதற்கு? இங்கேதான் ராஸின் கதை உண்மையில் தொடங்குகிறது.

நீண்ட மூக்கோடு கோம்போசஸ் என்று ஒரு ராஸ் பேரினம் உண்டு. பசிபிக் தீவுகளில் பழுப்பாக ஒன்று, கோம்போசஸ் வேரியஸ். கரும்பச்சையாக ஒன்று, கோம்போசஸ் டிரைகலர். நூறு ஆண்டுகளுக்கும் மேல் இரண்டும் தனித்தனி இனங்களாகவே புத்தகங்களில் இருந்தன. முள், செதில் எதிலும் வித்தியாசம் கிடைக்கவில்லை. 1957இல் ஸ்ட்ராஸ்பர்க், ஹையாட் என்ற இருவர் இரண்டு வகையையும் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். பழுப்பு மீன்களில் சினைப்பை. பச்சை மீன்களில் விந்துச் சுரப்பி. இரண்டும் ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும். இவ்வளவு காலம் யாரும் வயிற்றுக்குள் பார்க்கவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் விலைமதிப்பற்ற வகைமாதிரியைக் கிழிக்க எந்தக் காப்பாளருக்கும் மனம் வராது.

இதோடு நின்றிருந்தால் குயிலின் கதைதான்: ஆண் கருப்பு, பெண் புள்ளி. ராஸ்களில் நிற்கவில்லை. இனம் இனமாக அளந்து பார்த்தபோது, சிறியவை பெரும்பாலும் பெண்கள், மிகப் பெரியவை ஆண்கள் மட்டுமே என்று தெரிந்தது. பெண்கள் சீக்கிரம் செத்துப்போகின்றன என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் பெரிய ஆண்களின் விந்துச் சுரப்பியை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது அந்த வாதம் விழுந்தது. விந்துச் சுரப்பிக்கு நடுவில் குழிவு தேவையில்லை. இவற்றில் இருந்தது. முட்டை வெளியேறுவதற்காகச் சினைப்பைக்குள் இருக்கும் குழிவு அது. அந்த ஆண் ஒரு காலத்தில் பெண்ணாக இருந்து முட்டை போட்டிருக்கிறது. அதன் தடயம் உடம்பிலேயே தங்கிவிட்டது. உயிரியலில் இதை புரோட்டோகைனி என்கிறார்கள். பெண்முதல் பால்மாற்றம் எனலாம்.

எப்போது மாறுகிறது? மன்னார் வளைகுடாவிலும் வாழும் துப்புரவு ராஸ் இதற்கு விடை சொன்னது. விரல் நீள மீன். நீலமும் வெள்ளையுமான உடம்பில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கருப்புப் பட்டை. பெரிய மீன்கள் வரிசையில் வந்து நிற்க, அவற்றின் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஓர் ஆணும் சில பெண்களுமாக ஒரே இடத்தில் குடியிருக்கும். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் அந்த ஆணை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்குள் பெண்களில் பெரியது ஆணைப் போல மற்றவற்றை விரட்டி அதிகாரம் செய்யத் தொடங்கியது. இரண்டு, இரண்டரை வாரத்தில் அதற்கு விந்து சுரந்தது. 1972இல் இது வெளியானது. ஓர் உயிரின் பால் அதன் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்பது எளிதில் ஏற்கிற செய்தி அல்லவே.

இரண்டு மணி நேரத்தில் நடத்தை மாறுகிறது என்றால், உத்தரவு வயிற்றிலிருந்து வந்திருக்க முடியாது. சினைப்பை மாற வாரங்கள் ஆகும். கரீபியன் கடலின் நீலத்தலை ராஸில் காட்வின், க்ரூஸ், வார்னர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1996இல் இதைச் சோதித்தார்கள். பெரிய பெண் மீன்களின் சினைப்பையை அறுவை செய்து நீக்கிவிட்டு மறுபடி பாரில் விட்டார்கள். பக்கத்தில் ஆண் இல்லாதபோது அவையும் ஆணைப் போல நடந்தன. முதலில் மாறுவது மூளை என்று உறுதியானது. பின்னால் என்ன நடக்கிறது என்பது 2019இல் வெளியான மரபணு ஆய்வில் விளங்கியது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிற அரோமட்டேஸ் என்ற நொதி உண்டு. அதை உண்டாக்கும் மரபணு முதலில் அணைக்கப்படுகிறது. பெண் ஹார்மோன் வற்றியதும் சினைப்பை கரைந்து அந்த இடத்திலேயே விந்துத் திசு முளைக்கிறது.

ஏன் இந்த வழி? உயிரியலாளர் மைக்கேல் கிசலின் 1969இல் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. சிறிய பெண்ணுக்கும் முட்டை போட வாய்ப்பு உண்டு. சிறிய ஆணுக்கோ இடம் பிடிக்க வலு இல்லை; பெரிய ஆண் விரட்டிவிடும். எனவே சிறியதாக இருக்கும்வரை பெண்ணாக இருந்து, பெரிதானதும் ஆணாவது சந்ததிக்கு லாபம். பெரிய உடம்பு பெண்ணுக்குத்தான் அதிக லாபம் தரும் என்றால் மாற்றம் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். கடல் சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீன் அப்படித்தான் ஆணிலிருந்து பெண்ணாகிறது.

இப்போது நிறத்துக்குத் திரும்பலாம். மங்கலான முதல் நிறத்தைத் தொடக்க நிலை என்றும், பளிச்சென்ற கடைசி நிறத்தை முற்று நிலை என்றும் மீனியலாளர்கள் சொல்கிறார்கள். பெண் நிறம், ஆண் நிறம் என்று சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பல இனங்களில் பிறக்கும்போதே ஆணாகப் பிறந்து, பெண்களைப் போலவே மங்கிய நிறத்தில் அவற்றின் கூட்டத்திலேயே திரியும் மீன்களும் இருக்கின்றன. தொடக்க நிலை மீனைப் பார்த்துப் பெண் என்று சத்தியம் செய்ய முடியாது. முற்று நிலை மீனை மட்டும் ஆண் என்று தைரியமாகச் சொல்லலாம். ராஸின் நிறம் அது எந்த இனம் என்பதைச் சொல்வதைவிட, வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் தெளிவாகச் சொல்கிறது.

ராஸ்களின் பெயர்க் குழப்பங்களைத் தீர்த்தவர்களில் முதல் பெயர் ஜான் ராண்டலுடையது. 2020இல் மறைந்த இந்த ஹவாய் அறிஞர் 800க்கும் மேற்பட்ட மீன் இனங்களுக்குப் பெயர் தந்தவர். அவர் வேலைமுறை எளியது: மீனைத் தானே முக்குளித்துப் பிடிப்பது, நிறம் மங்குவதற்குள் துடுப்புகளை ஊசியால் விரித்துப் பக்கவாட்டில் படமெடுப்பது, அதன் பிறகே சாராயத்தில் போடுவது. பத்திரத்தில் விட்டுப்போன நிறத்தை அவர் படமாகச் சேர்த்தார். இன்று மரபணுப் பட்டைக்குறி துணைக்கு வந்திருக்கிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டைப் படித்து இனத்தைச் சொல்வது. கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த முறை. பெண்ணாக இருந்தபோது இருந்த எழுத்துகள்தான் ஆணான பிறகும் இருக்கும். பழுப்பு மீனும் பச்சை மீனும் ஒன்றா என்று கேட்டால் ஒரு துடுப்புத் துணுக்கு பதில் சொல்லிவிடும். ஆனால் அந்த எழுத்துகளுக்கு எந்தப் பெயர் என்று தெரிய, பழைய புட்டி மீனைத்தான் மறுபடி கேட்க வேண்டும்.

நிறத்தை நம்பி மீன்களே ஏமாறுவதும் உண்டு. துப்புரவு ராஸைப் போலவே நீல உடம்பும் கருப்புப் பட்டையும் கொண்ட போலி மீன் ஒன்று பவளத் திட்டுகளில் இருக்கிறது. அஸ்பிடான்டஸ் என்ற அது ராஸ் குடும்பமே அல்ல. சுத்தம் செய்ய வந்திருக்கிறது என்று நம்பி நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். பட்டையைப் பார்த்தால் பிரித்தறிய முடியாது. வாயைப் பார்த்தால் முடியும். ராஸின் வாய் முகத்தின் நுனியில் இருக்கும். போலியின் வாய் மூக்குக்குக் கீழே உள்வாங்கியிருக்கும்.

கோடை விடுமுறையில் மாமல்லபுரத்துக்கோ இராமேசுவரத்துக்கோ போகும் நம்மவர்கள் பாறையோரம் இப்படி ஒரு மீனைக் கண்டால் செய்யக்கூடியது இதுதான். கையை நனைத்துக்கொண்டு தூக்குங்கள். காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றி அதில் விட்டு, பக்கவாட்டில், முதுகுத் துடுப்பு விரிந்திருக்கும் நொடியில் படமெடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் இருந்தால் நீளம் தெரியும். முகத்தை மட்டும் தனியாக இன்னொரு படம். உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே பாறையில் வேறு எத்தனை இருந்தன, அவற்றில் பெரியது எது, அது என்ன நிறம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழுப்பு மீன் ஒன்றின் பக்கத்தில் பெரிய பச்சை மீன் ஒன்று திரிந்ததா இல்லையா என்பது, படத்தைப் பார்க்கும் மீனியலாளர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்று.